உறைக்குள் ஒரு பெயர்

சேமிப்புக்கும் காப்பீட்டுக்கும் தன் மகனை நாமினியாக்க விரும்பினார் அந்தத் தாய். மணமாகாதவர், 2010இல் பிறந்த மகனைத் தனியாக வளர்த்து வந்தவர். தகப்பன் பெயரைச் சொல்லுங்கள், இல்லையேல் கோர்ட்டில் காப்பாளர் சான்றிதழ் வாங்கி வாருங்கள் என்றார்கள்.

தில்லியில் கோர்ட் படியேறினார். அங்கும் அதே கேள்வி. 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி தகப்பனுக்கு நோட்டீஸ் போக வேண்டும். பெயரைச் சொல்ல அவர் மறுத்தார். 2011இல் மனு தள்ளுபடி. மணமே இல்லாவிட்டாலும் பெற்றவனுக்குப் பிள்ளை மீது அக்கறை இருக்கலாமே என்றது உயர் நீதிமன்றம். நியாயமான வாதம்தான். ஆனால், எட்டிப் பார்க்காத தகப்பனுக்காக, வளர்க்கும் தாய் ஏன் காத்திருக்க வேண்டும்?

2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது: நோட்டீஸ் தேவையில்லை, குழந்தையின் நலனே முக்கியம்.

பிள்ளைக்கும் ஓர் உரிமை உண்டே? என்.டி. திவாரிதான் தன் தகப்பன் என்று வழக்காடிய ரோஹித் சேகருக்கு, 2012இல் டி.என்.ஏ. சோதனை அதை உறுதி செய்தது. அந்தப் பசியை நீதிபதிகளும் அறிந்திருந்தார்கள். தாயைத் தனியே அழைத்துப் பேசினார்கள். அவர் சொன்ன பெயரை உறையிலிட்டு முத்திரை வைத்தார்கள். உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் உறையைப் பிரிக்கலாம்.

நாமினி படிவத்துக்குத் தேவைப்படாத அந்தப் பெயர், என்றாவது மகனுக்குத் தேவைப்படலாம்.