திருத்தினால் தெரிய வேண்டும்

பினாங்குக்கு வரும் தமிழர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பட்டர்வொர்த்தில் இறங்கித் தீவுக்கு எப்படி வருவது? தைப்பூசத்துக்கு ரதம் எங்கிருந்து புறப்படும்? இந்த ஊர் எப்போது உண்டானது? கோரா என்ற கேள்வி-பதில் தளத்தில் இவற்றுக்குப் பதில் எழுதுவதைப் பல வருடங்களாக விரும்பிச் செய்துவருகிறேன். எழுதுவதைவிட, எழுதியதைத் திருத்துவதில்தான் பொறுப்பு அதிகம். புதுப் பதிலை நம்பி இன்னும் யாரும் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. பழைய பதிலை நம்பிப் பலர் வந்துபோய்விட்டார்கள்.

பெர்ரியையே எடுத்துக்கொள்வோம். பட்டர்வொர்த்தில் காரோடு பெர்ரியில் ஏறி ஜார்ஜ்டவுனில் இறங்கலாம் என்று நான் எழுதியபோது அது முழு உண்மை. பிறகு அந்தப் பழைய இரண்டடுக்குப் பெர்ரிகளின் காலம் முடிந்தது. 2023 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய புதிய பெர்ரிகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும்தான் ஏறலாம். ஆகவே பதிலைத் திருத்தியாக வேண்டும். ஆனால் அதன் கீழே ஒருவர், "காரோடு ஏறினோம், பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்" என்று நன்றி எழுதியிருந்தார். பழைய வரியைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டால் அந்த மனிதர் பொய் சொன்னதுபோல ஆகிவிடும்.

அதனால் பதிலின் உச்சியில் இப்படிச் சேர்த்தேன்: "பெர்ரியில் இப்போது கார் ஏற்றுவதில்லை. காரில் வருபவர்கள் பாலத்தின் வழியாக வாருங்கள். பழைய பெர்ரிகள் ஓடிய காலத்தில் கார் ஏற்றினார்கள்; கீழே உள்ள சில பின்னூட்டங்கள் அப்போது எழுதப்பட்டவை." திருத்திய மாதத்தையும் வருடத்தையும் போட்டேன். துறைமுக வாசலில் கைப்பேசியோடு நிற்பவருக்கு முதல் வரியிலேயே விஷயம் கிடைத்துவிட வேண்டும். வரலாறு அதற்குக் கீழே இருக்கட்டும்.

நிரல் எழுதுபவர்களின் கேள்வி-பதில் தளமாக 2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் வேறு மரபு. அங்கே ஒவ்வொரு பதிலின் பழைய வடிவங்களையும் யாரும் திறந்து பார்க்கலாம். ஆகவே 'திருத்தம்' என்று தனியாக ஒட்டுப்போடாமல், முதலிலிருந்தே அப்படி எழுதியதுபோலப் பதிலைச் சீராக்கச் சொல்வார்கள். நிரல் எழுதுபவர்களுக்கு அது பொருந்தும். பயணம் போகிறவர் பழைய வடிவங்களைத் தேடிப் பார்க்கமாட்டார். அவர் எதை நம்பிக் காசு செலவழிப்பாரோ, எதை நம்பி நேரம் ஒதுக்குவாரோ, அது மாறினால் மாறியதைப் பதிலிலேயே சொல்லிவிட வேண்டும். எழுத்துப் பிழைக்கும் ஒற்றுப் பிழைக்கும் அறிவிப்பு வேண்டியதில்லை. ஆனால் அவற்றை ஒரே அமர்வில் பார்த்து முடித்துவிடுவது நல்லது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரு பதிலைத் தொட்டாலே அந்தக் கேள்வி முகப்புக்கு ஏறிவிடும். ஒரு கமாவுக்காகப் பழைய பதிலை மேலே கொண்டுவந்தால், விடைக்குக் காத்திருக்கும் புதுக் கேள்வி கீழே இறங்கும்.

அடுத்தது நன்றி. தைப்பூசத்துக்குப் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து செட்டியார்களின் வெள்ளி ரதம் புறப்படும் என்று முன்பு எழுதியிருந்தேன். 1894 முதல் ஓடும் ரதம் அது. 2017 முதல் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து முருகனின் வேலைச் சுமந்து தங்க ரதமும் தண்ணீர்மலைக்குப் போகிறது. இதை ஒரு வாசகர் பின்னூட்டத்தில் சொன்னார். பதிலில் சேர்க்கும்போது இன்னார் சொன்னது என்று அவர் பெயரையும் சேர்த்தேன். பின்னூட்டத்துக்கும் பதில் போட்டேன். அடுத்தவர் தந்த தகவலைப் பெயர் சொல்லாமல் நம் பதிலுக்குள் இழுத்துக்கொண்டால், அவருடைய பின்னூட்டம் ஏற்கெனவே சொன்னதைத் திரும்பச் சொன்னதுபோலத் தெரியும்.

பக்கத்துப் பதிலுக்கும் இதே மரியாதை உண்டு. ஊர் எப்போது உண்டானது என்ற கேள்வியையே பாருங்கள். ஆங்கிலேயரான பிரான்சிஸ் லைட் இங்கே வந்து இறங்கியது 1786 ஜூலை 17. தீவை முறைப்படி கைக்கொண்டது ஆகஸ்ட் 11, வேல்ஸ் இளவரசரின் பிறந்தநாளுக்கு முதல் நாள். நான் முதல் தேதியைச் சொல்லியிருக்க, இரண்டாவதை இன்னொருவர் அழகாக விளக்கியிருந்தால், அந்த விளக்கத்தை என் பதிலுக்குள் பெயர்த்துவைக்க மாட்டேன். "ஆகஸ்ட் 11 பற்றி அவர் எழுதியதைப் படியுங்கள்" என்று ஒரு வரி போதும். கேட்டவருக்கு இரண்டு தேதியும் கிடைத்துவிடும், எழுதியவரின் உழைப்பும் அவர் பெயரிலேயே நிற்கும்.

ஒரு கேள்வியில் என் கருத்தே தலைகீழாக மாறிவிட்டால் பழைய பதிலைத் தொடுவதில்லை. புதிதாக ஒன்று எழுதி இரண்டையும் இணைக்கிறேன். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் வாக்குப் போட்டுச் சில நிமிடங்கள் கடந்தால், பதில் திருத்தப்படும்வரை அந்த வாக்கை மாற்ற முடியாது. திருத்திய பதிலை வாசகர் மறுபடி எடைபோட உரிமை உண்டு என்பதுதான் அந்த விதியின் பொருள். ஆனால் முன்பு ஓட்டுப் போட்டவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து பார்ப்பார்கள்? அவர்கள் ஒப்புக்கொண்டது அன்றைய கருத்தை. அந்த ஆதரவை இன்றைய கருத்துக்குத் திருப்பிவிட எனக்கு உரிமையில்லை. புதுக் கருத்து தன் வாக்குகளைத் தானே சம்பாதிக்கட்டும்.