நைனாவின் பாஸ்புக்

சில இதழ்களுக்கு முன் கேள்வி–பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "அப்பா இறந்து பல வருடம் ஆகிவிட்டது. அவர் வங்கியில் போட்ட பணம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இத்தனை வருடம் கழித்துக் கேட்டால் கொடுப்பார்களா?" இதே கேள்வியோடு ஒரு வருடம் அலைந்தவன் நான். அந்த அனுபவம் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. திருத்தணியிலிருந்து மேற்கே வந்தால் நாங்கள். வடக்கே போனால் ஆந்திர எல்லை. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி வரை திருத்தணி தாலுகாவே சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. எல்லை மாறினாலும் பேச்சும் போக்குவரத்தும் மாறவில்லை. எங்கள் வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சில வருடம் எல்லை தாண்டி, நகரி பக்கத்தில் குத்தகைக்கு நிலம் எடுத்துக் கரும்பு போட்டிருந்தார். 2009-ல் காலமானார்.

2023 கடைசியில் வீட்டுக்கு ஓடு மாற்றும்போது பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கினோம். பழைய கிஸ்தி ரசீதுகள், கரும்பு வெட்டு உத்தரவுகள், அடியில் ஒரு பாஸ்புக். பெயரும் கணக்கு எண்ணும் இருந்த முதல் பக்கத்தைச் செல் அரித்திருந்தது. கடைசி வரவு 2008-ல். இருப்பு 31,640 ரூபாய். அட்டையில் இருந்த வங்கியின் பெயரில் இப்போது வங்கியே இல்லை.

"அக்காவைக் கேளுடா. உங்க நைனா பேங்குக்குப் போறப்போ அவதான் கூடப் போவா" என்றார் அம்மா. நான் கேட்கவில்லை. கிணற்றடி நிலத்தைப் பிரித்ததில் அக்காவோடு பேச்சு நின்று ஆறு வருடம் ஆகியிருந்தது. அவளுக்குச் சொல்லாமலேயே முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

முதலில் அந்தக் கிளைக்கே போனேன். கணக்கு எண் இல்லாமல் தேட முடியவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்து மகனிடம் சொன்னேன். அவன் கைப்பேசியில் ரிசர்வ் வங்கியின் 'உத்கம்' தளத்தைத் திறந்தான். கேட்பாரற்ற வைப்புகளைத் தேடுவதற்காக 2023 ஆகஸ்டில் தொடங்கிய தளம் இது. இதில் 30 வங்கிகள் சேர்ந்திருக்கின்றன. நம் கைப்பேசி எண்ணைப் பதிவு செய்துகொண்டு, கணக்கு வைத்திருந்தவரின் பெயரையும், வாக்காளர் அட்டை எண், பான், பிறந்த தேதி இவற்றில் ஏதாவது ஒன்றையும் கொடுத்துத் தேடலாம். இவை எதுவும் இல்லையென்றால் முகவரி கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. பழைய வங்கி வேறொன்றோடு இணைந்திருந்தால் புதிய பெயரில்தான் தேட வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியில் சேர்ந்தன. சிண்டிகேட் வங்கி கனரா வங்கியிலும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியிலும் சேர்ந்தன.

வாக்காளர் அட்டையில் இருந்தபடி நைனா பெயரைப் போட்டோம். ஒன்றும் வரவில்லை. எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டும் வரவில்லை. பணம் அரசாங்கத்துக்குப் போய்விட்டது என்று ஊரில் நாலு பேர் சொன்னார்கள். நானும் விட்டுவிட்டேன்.

பிறகு வேறொரு வேலையாக கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தபோது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "பணம் இருந்தாலும் வாரிசுச் சான்று இல்லாமல் எப்படி வாங்குவீங்க?" என்றார். "அம்மா பேரும் என் பேரும் போட்டு எடுத்துக்கலாமா சார்? அக்காவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சே" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "கல்யாணம் ஆனா மகள் இல்லைன்னு ஆயிடுமா? மனைவி, மகன், மகள் எல்லாப் பேரும் வரணும். இறந்தவரோட அம்மா உயிரோடு இருந்தா அவங்க பேரும் வரணும். மறைச்சு வாங்கினா பின்னாடி ரத்தாகும், வழக்கும் வரும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். சோறு போட்டாள். நிலத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பாஸ்புக்கை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்தாள். "பணம் கட்டுற சீட்டு நான்தான் எழுதுவேன். நம்ம ஊர்ல எழுதுற மாதிரி எழுதினா அங்க ஒத்துக்க மாட்டாங்க. வீட்டுப் பேரு முதல்ல வரணும்" என்றாள்.

தேடியபோது பெயர் கிடைக்காததற்கு அதுதான் காரணம். இங்கே அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போட்டுப் பெயர் எழுதுவோம். அங்கே இன்டி பேரு என்னும் வீட்டுப் பெயரை முன்னால் முழுதாக எழுதுவார்கள். பெயரின் எழுத்தும் மாறும். ஒருவர் பெயர் முனுசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காகிதத்தில் முனுசாமி, இன்னொன்றில் முனிசாமி, தெலுங்கில் எழுதியதில் முனிசுவாமி என்று இருக்கும். ஆள் ஒருவர்தான். அக்கா சொன்னபடி எழுதித் தேடியதும் நைனா பெயர் வந்தது, பக்கத்தில் ஒரு குறிப்பு எண்ணும் வந்தது. எவ்வளவு தொகை என்று காட்டவில்லை. கணக்கு இருக்கிறது என்பது மட்டும் உறுதியானது.

பணம் அரசாங்கத்துக்குப் போய்விட்டது என்று ஊரார் சொன்னது பாதிதான் சரி. 10 வருடம் வரவு செலவே இல்லாத கணக்கின் பணத்தை, ரிசர்வ் வங்கி 2014-ல் ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு வங்கி அனுப்பிவிட வேண்டும். ஆனால் அதன் பிறகும் கணக்குக்காரரோ வாரிசோ எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். நாம் ரிசர்வ் வங்கிக்குப் போக வேண்டியதில்லை. அதே வங்கியில் கேட்டால் அவர்கள் நமக்குக் கொடுத்துவிட்டு, நிதியிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்வார்கள். வட்டி உள்ள கணக்காக இருந்தால் நிதிக்குப் போன பிறகும் வட்டி உண்டு. 2021 மே மாதத்திலிருந்து அது 3 சதவீதம், தனி வட்டி.

இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பித்தோம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து வட்டாட்சியர் சான்று வந்தது. நைனாவின் இறப்பை அப்போதே பதிந்திருந்ததால் இறப்புச் சான்றுக்குச் சிரமம் இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் பதியாமல் விட்டிருந்தால், கோட்டாட்சியர் உத்தரவு வாங்கித்தான் பதிய வேண்டியிருக்கும். பாஸ்புக்கில் ஒரு பெயர், இறப்புச் சான்றில் ஒரு பெயர் என்பதால் "இருவரும் ஒருவரே" என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதினோம். வங்கிப் படிவத்தில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். அக்கா தன் வீட்டுக்காரரோடு எங்களோடு கிளைக்கு வந்திருந்தாள். 2024 கடைசியில் வட்டியோடு 53,000 ரூபாய்க்குச் சற்று மேல் வந்தது. மூன்று சம பங்காகப் பிரித்தோம். அக்கா தனக்கு வேண்டாம் என்று சொல்லுவாள் என உள்ளூர எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை. தன் பங்கை வாங்கிக்கொண்டாள். அதுதான் சரி.

இப்போது அக்கம்பக்கத்தில் பலர் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

நாமினி என்று எழுதியிருந்தால் பணத்தை எளிதாக வாங்கலாம். ஆனால் நாமினி அதன் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர், அவ்வளவுதான். நாமினி இல்லாத கணக்குக்கும் இனி அலைச்சல் குறையும். 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, தகராறு இல்லாத இடத்தில் 15 லட்சம் ரூபாய் வரை, கூட்டுறவு வங்கியில் 5 லட்சம் வரை, நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் எளிய முறையில் முடிக்க வேண்டும். காகிதம் எல்லாம் கொடுத்த 15 நாளில் தீர்க்க வேண்டும். 2026 மார்ச் 31-க்குள் வங்கிகள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது உத்தரவு.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கத்தில் போட்ட பணம் உத்கம் தளத்தில் வராது. சங்கத்துக்கே போய்ப் பேரேட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டும். எல்.ஐ.சி. பாலிசிக்கு அவர்கள் தளத்திலேயே தேடும் வசதி இருக்கிறது. 10 வருடம் கேட்காத காப்பீட்டுப் பணம் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போகும். அங்கே போன பிறகும் 25 வருடத்துக்குள் கேட்கலாம்.

இன்னொன்று. வீட்டில் யாராவது இறந்தால் அவர் பாஸ்புக்கில் வருடத்துக்கு ஒருமுறை 436 ரூபாயோ 20 ரூபாயோ பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். 436 என்றால் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, 20 என்றால் சுரக்ஷா விபத்துக் காப்பீடு. இரண்டிலும் 2 லட்சம் ரூபாய் உண்டு. தள்ளிப்போடாமல் உடனே வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும். "பணம் எடுத்துத் தருகிறேன், கமிஷன் கொடு, ஓ.டி.பி. சொல்லு" என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, என் கணக்குகள், சங்கப் பங்குத்தொகை, பாலிசி எண் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் காகிதத்தில் என் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்பதும் அதில் இருக்கிறது. நோட்டு இருக்கும் இடம் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் தெரியும். கிணற்றடி நிலத்தின் பேச்சு இன்னும் முடியவில்லை. ஆனால் இந்தப் பொங்கலுக்கு அக்கா வீட்டுக்கு வந்தாள்.