ரூம் நம்பர் 318

வாஷிங்டன் போகிறவர்கள் எல்லாம் செய்வதைத்தான் முதல் நாள் நானும் செய்தேன். வெள்ளை மாளிகை வேலிக்கு வெளியே ஒரு போட்டோ, லிங்கன் சிலைக்கு முன்னால் ஒரு போட்டோ, விண்வெளி மியூசியத்தில் வாயைப் பிளந்தபடி ஒரு போட்டோ. ராத்திரி கால் ரெண்டும் கழன்று போச்சு.

"நாளைக்கு கேமராவை பைக்குள்ள போட்டுட்டு வாடா. ஒரு ரூம் காட்டறேன்" என்றார் சீனியர் அண்ணன். காலேஜில் எனக்கு ரெண்டு வருஷம் மேலே. இப்போது அங்கே பொது நிர்வாகம் படிக்கிறார்.

"ரூமா? எவ்ளோண்ணே டிக்கெட்?"

"டிக்கெட்டே கிடையாது. அதான் விசேஷம்!"

மறுநாள் காலை யூனியன் ஸ்டேஷனில் மெட்ரோவை விட்டு இறங்கி நடந்தோம். கொஞ்ச தூரத்திலேயே கேபிடல் கட்டடத்தின் வெள்ளைக் குவிமாடம். நான் அந்தப் பக்கம் திரும்ப, அண்ணன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். "அங்க ஓட்டுப் போடுவாங்க. இங்கதான் யோசிப்பாங்க" என்று கான்ஸ்டிடியூஷன் அவென்யூ ஓரமாக இருந்த பளிங்குக் கட்டடத்தைக் காட்டினார். ரஸ்ஸல் செனட் ஆபீஸ் பில்டிங். 1909-ல் திறந்தது. வாசலில் பெல்ட்டைக் கழட்டி, பையை மெஷினுக்குள் அனுப்பினோம். அவ்வளவுதான். 'யாரைப் பார்க்கணும்?' என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

உள்ளே வட்ட மண்டபம். அங்கிருந்து பளிங்குப் படிகள். மூன்றாவது மாடியில் 318-ம் நம்பர் அறை. நல்ல நேரம், கதவு பாதி திறந்திருந்தது. ஏதோ கூட்டத்துக்காக ஊழியர்கள் நாற்காலி போட்டுக் கொண்டிருந்தார்கள். அண்ணன் பவ்யமாகக் கேட்க, ஒருவர் சிரித்துக்கொண்டே 'ரெண்டு நிமிஷம்' என்று விரலைக் காட்டினார்.

சும்மா சொல்லக் கூடாது, கோயில் மண்டபத்துக்குள் போன மாதிரி இருந்தது! சுற்றிலும் உயர உயரமான தூண்கள். மேலே பூ வேலைப்பாடு நிறைந்த கூரை, பெரிய சரவிளக்குகள். கழுகு செதுக்கிய பழைய மர பெஞ்சுகள். 1912-ல் டைட்டானிக் மூழ்கியதைப் பற்றி செனட் விசாரித்தபோது இந்த அறையில்தான் கூட்டம் முண்டியடித்தது. ஜான் கென்னடி ஜனாதிபதி தேர்தலில் நிற்கப் போவதாக 1960-ல் அறிவித்ததும் இங்கேதான். 1973-ல் நிக்சனின் நாற்காலியை ஆட்டிய வாட்டர்கேட் விசாரணையும் இங்கேதான். 2009 முதல் இதற்கு கென்னடி காகஸ் ரூம் என்று பெயர்.

"ஆனா நான் உன்னைக் கூட்டிட்டு வந்தது 1941-க்காக" என்றார் அண்ணன். ஓரமாக நின்று அவர் சொன்ன கதை இதுதான்.

1940 டிசம்பர். ஐரோப்பாவில் பாதியை ஹிட்லர் விழுங்கியாச்சு. பிரிட்டன் தன்னந்தனியாக குண்டுமழையில் நனைகிறது. அமெரிக்கா போரில் இல்லை. ஆயுதம் வேண்டுமா? 'கையில் காசு, உன் கப்பலில் சரக்கு' என்பதுதான் அன்றைய சட்டம். பிரிட்டனிடமோ டாலர் தீர்ந்து போகிற நிலைமை. அப்போதுதான் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு குட்டிக் கதை சொன்னார். பக்கத்து வீடு தீப்பிடித்து எரியும்போது, 'என் தோட்டத்து ஹோஸ் பைப் 15 டாலர், காசைக் கொடு' என்றா கேட்போம்? கொடுத்துவிட்டு, அணைந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வோம். அவ்வளவுதான் விஷயம்!

அதற்கு செனட்டர் ராபர்ட் டாஃப்ட் அடித்த பதில் இன்னும் டாப். போர்த் தளவாடத்தைக் கடன் கொடுப்பது சூயிங்கம்மைக் கடன் கொடுக்கிற மாதிரி, திரும்பி வந்தாலும் நமக்கு வேண்டாம் என்றார்.

1941 ஜனவரி 10-ந் தேதி மசோதா வந்தது. பிரதிநிதிகள் சபையில் அதற்கு விழுந்த நம்பர் 1776. அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்த வருஷம்! எந்த நாட்டைப் பாதுகாப்பது அமெரிக்காவுக்கு அவசியம் என்று ஜனாதிபதி நினைக்கிறாரோ, அந்த நாட்டுக்கு ஆயுதத்தை விற்கலாம், கடனாகக் கொடுக்கலாம், குத்தகைக்கு விடலாம். எவ்வளவு நாளைக்கு? சொல்லவில்லை. எவ்வளவுக்கு? அதையும் சொல்லவில்லை.

ஓட்டெடுப்புக்கு முன்னால் இரண்டு அவைகளின் வெளியுறவுக் குழுக்களும் விசாரணை நடத்தின. கோர்ட் விசாரணை இல்லை இது. மசோதாவை ஆதரிப்பவர், எதிர்ப்பவர் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, கேள்வி கேட்டு, சொன்னதை வரி விடாமல் அச்சடித்து வைப்பார்கள். நிதி மந்திரி மார்கெந்தாவ் வந்து பிரிட்டனின் காலி கஜானாவைக் கணக்கோடு காட்டினார். அட்லாண்டிக் கடலைத் தனியாளாகப் பறந்து கடந்த ஹீரோ சார்லஸ் லிண்ட்பெர்க் வந்தார். எந்தப் பக்கமும் ஜெயிக்க வேண்டாம், பேசித் தீர்க்கட்டும் என்றார். கேட்பவர்களுக்குப் பிடித்ததோ இல்லையோ, அவரைப் பேச விட்டார்கள்.

இதில் யாருடைய உயிர் பணயம் தெரியுமா? நம் வயசுப் பசங்களுடையது. கட்டாய ராணுவ சேவைச் சட்டம் 1940-லேயே வந்துவிட்டது. இந்த மசோதா நாலு அமெரிக்கப் பையன்களில் ஒருத்தனை மண்ணுக்குள் புதைத்துவிடும் என்று செனட்டர் பர்ட்டன் வீலர் ரேடியோவில் வெடிக்க, ரூஸ்வெல்ட் கொதித்துப் போனார்.

பிப்ரவரி 11. செனட் குழுவுக்குக் கடைசி சாட்சி. இதே அறை. நிற்க இடமில்லாத கூட்டம். வந்தவர் வெண்டல் வில்கி. மூன்று மாதத்துக்கு முன்னால் அதே ரூஸ்வெல்ட்டை எதிர்த்துத் தேர்தலில் நின்று தோற்றவர்! லண்டன் போய், குண்டு விழுந்த தெருக்களைப் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தார். தன்னைத் தோற்கடித்தவரின் மசோதாவை ஆதரித்துப் பேசினார். ஆனால் அதற்கு ஒரு காலக்கெடு போடுங்கள் என்றும் சொன்னார்.

செனட்டர் ஜெரால்ட் நை விடவில்லை. ரூஸ்வெல்ட் ஜெயித்தால் 1941 ஏப்ரலுக்குள் நாடு போரில் இருக்கும் என்று பிரசாரத்தில் முழங்கினீர்களே, ஞாபகம் இருக்கா? வில்கி மழுப்பவில்லை. 'அது கொஞ்சம் தேர்தல் நேரத்துப் பேச்சு' என்று சிரித்தபடி ஒப்புக்கொண்டார். அறையே சிரித்தது. ஆனால் அவருடைய கட்சிக்காரர்கள் பலருக்குச் சிரிப்பு வரவில்லை. 1944 தேர்தலுக்கு மறுபடி முயன்றபோது கைவிட்டுவிட்டார்கள். அதே வருஷம் அக்டோபரில் இறந்தும் போனார்.

மசோதா ஜெயித்தது. செனட்டில் 60-க்கு 31. மார்ச் 11-ந் தேதி ரூஸ்வெல்ட் கையெழுத்து போட்டார். ஆனால் உள்ளே போன மசோதாவும் வெளியே வந்த சட்டமும் ஒன்றில்லை. 1943 ஜூன் 30-ந் தேதி வரைதான் இந்த அதிகாரம். ஏற்கெனவே கையிருப்பில் உள்ள தளவாடத்தில் 130 கோடி டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது. 90 நாளுக்கு ஒரு தடவை காங்கிரஸுக்கு அறிக்கை தர வேண்டும். ஓட்டில் தோற்றவர்களுடைய பயமெல்லாம் சட்டத்தில் ஷரத்துகளாக உட்கார்ந்திருந்தது.

"அப்ப யாருண்ணே கரெக்ட்?" என்று கேட்டேன்.

"இது போர்ல கொண்டு விடும்னு எதிர்த்தவங்க சொன்னாங்க. ஒன்பதே மாசத்துல பேர்ல் ஹார்பர்ல ஜப்பான் குண்டு போட்டு, அமெரிக்கா போருக்குள்ள வந்துடுச்சு. சுமார் 4 லட்சம் அமெரிக்கர்கள் செத்தாங்க. ஆனா அந்த உதவி இல்லைன்னா பிரிட்டன் என்ன ஆகியிருக்கும்? மொத்தம் சுமார் 5,000 கோடி டாலர் சரக்குடா! ஹோஸ் பைப் முக்காவாசி திரும்பி வரவே இல்ல. நம்ம ஊருக்குக்கூட நாணயம் அடிக்க இந்தக் கணக்குல 22 கோடி அவுன்ஸுக்கு மேல வெள்ளி வந்துச்சு. அதை மட்டும் சுதந்திரத்துக்கு அப்புறம் இந்தியாவும் பாகிஸ்தானும் பங்கு போட்டுத் திருப்பிக் கொடுத்தாங்க."

2022-ல் உக்ரைனுக்காக இதே பேரில் இன்னொரு சட்டம் வந்ததையும் அவர்தான் சொன்னார். அதைப் பயன்படுத்தாமலேயே 2023-ல் கெடு முடிந்துவிட்டது. அந்தச் சட்டத்திலும் ஒரு தேதி இருந்தது.

ரெண்டு நிமிஷம் பத்து நிமிஷமாகிவிட்டது. ஊழியர் தொண்டையைச் செருமினார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து படியில் இறங்கும்போது அண்ணன் கேட்டார்.

"நம்ம காலேஜ்ல பஸ் கட்டண ஸ்ட்ரைக் மீட்டிங் ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது.

"எதிர்த்துப் பேச ஒரு செகண்ட் இயர் பையன் மேடை ஏறினானே. மைக்கைப் பிடுங்கினது யாரு?"

நான்தான். கைதட்டலும் எனக்குத்தான் கிடைத்தது.

"அவன் ஸ்ட்ரைக்கே வேணாம்னு சொல்ல வரலடா. எத்தனை நாள்னு ஒரு தேதி போடுங்கன்னு கேக்க வந்தான். கீழ இறங்கி வந்து எங்கிட்ட சொன்னான்."

நாங்கள் தேதி போடவில்லை. ஸ்ட்ரைக் பதினோரு நாள் இழுத்தது. கட்டணம் குறைந்தது உண்மை. அட்டெண்டன்ஸ் பற்றாமல் சில பேர் அந்த செமஸ்டர் பரீட்சை எழுத முடியாமல் போனதும் உண்மை. அதில் அவனும் ஒருத்தன்.

வெளியே நல்ல வெயில். கேபிடலை போட்டோ எடுக்கக் கேமராவை எடுத்தேன். எடுக்கத் தோன்றவில்லை.

"அவன் நம்பர் இருக்காண்ணே?" என்று கேட்டேன்.