ஒரே ஒரு படமும் ஒரு மைத்தாங்கிப் பிரிண்டரும்

பரந்தனுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் ஓர் அம்மா இருக்கிறார். அவருடைய மகனின் படம் ஒரு பழைய பால்மா ரின்னுக்குள், இரண்டு பொலித்தீன் பைகளால் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. அடையாள அட்டைக்காக எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. அன்று எடுத்த நான்கு பிரதிகளில் மூன்று, விண்ணப்பங்களோடு சேர்ந்து வெவ்வேறு அலுவலகங்களுக்குப் போய்விட்டன. வீட்டு அல்பம் 2009 தை மாதம் தருமபுரத்திலிருந்து புதுக்குடியிருப்புப் பக்கம் நகர்ந்தபோது ஒரு பங்கருக்குள் விடுபட்டுவிட்டது. மிஞ்சியது இந்த ஒன்றுதான்.

சமூகசேவைப் பணியாளராக முதன்முதலில் அந்த வீட்டுக்குப் போனபோது, கோவைக்கு ஒரு பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்று கேட்டேன். அம்மா ரின்னை மடியில் வைத்துக்கொண்டார்.

"கோவிக்காதேங்கோ பிள்ளை. கொண்டு போறதெண்டால் நானும் கூட வாறன்."

அப்படியே அவரும் வந்தார். இருவருமாக நகரத்துக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு கடையில் படத்தைக் கொடுத்தோம். இது 2021 இல். கடையிலிருந்த தம்பி படத்தைப் போனில் எடுத்து, ஏதோ ஒரு செயலியில் போட்டு, "தெளிவாக்கி" ஒரு பெரிய படமாக அச்சிட்டுத் தந்தார். கண்கள் பளிச்சென்று இருந்தன, தோல் மெழுகியதுபோல இருந்தது. ஓரத்தில் கேட்காமலே ஒரு பூமாலைச் சட்டமும் போட்டிருந்தார். அவர் மீது குற்றம் இல்லை. அங்கே வரும் பழைய படங்களில் அநேகமானவை அந்தியேட்டிக் கல்வெட்டுக்கானவை. அந்தப் பழக்கத்தில் செய்துவிட்டார்.

அம்மா அதை நெடுநேரம் பார்த்தார். "இது என்ரை பிள்ளை இல்லை" என்றார். பிறகு மெதுவாக, "மாலை ஏன் போட்டவர்?" என்று கேட்டார்.

காணாமல் ஆக்கப்பட்டவரின் படத்துக்கு எங்கள் வீடுகளில் மாலை போடுவதில்லை, விளக்கும் வைப்பதில்லை. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு நான் அதை விளக்கத் தேவையில்லை. அந்தச் செயலி செய்ததைத்தான் நான் அன்று புரிந்துகொண்டேன். மங்கலான படத்தில் இல்லாத விபரத்தை அது எங்கிருந்தும் மீட்டு எடுப்பதில்லை. ஆயிரமாயிரம் வேறு முகங்களைப் பார்த்துப் பழகியதை வைத்து, இப்படித்தான் இருக்கும் என்று புதிதாக வரைகிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒருவரைத் தேடுவதற்கான படத்தில் அது செய்யத்தகாத வேலை.

அந்த மாதமே சொந்தமாக ஒரு பிரிண்டர் வாங்குவது என்று முடிவெடுத்தேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது நினைவைப் பற்றியும் இழப்பைப் பற்றியும் நிறையப் படித்தோம். பிரிண்டர் எப்படி வாங்குவது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் அலுவலகத்தில் இருந்தது சிறிய மைப்பெட்டி, அதாவது காட்றிஜ் போடும் வகை. வாங்கும்போது மலிவு. ஆனால் அந்தச் சிறிய பெட்டிகளில் பத்து மில்லிலீற்றர் மைகூட இருக்காது. முகம் நிறைந்த படங்கள் கொஞ்சம் அச்சிட்டதும் "மை முடிந்தது" என்று சொல்லும். புதுப் பெட்டியின் விலையைக் கேட்டால் புதுப் பிரிண்டரே வாங்கலாம் போல இருக்கும். மைத்தாங்கி உள்ள பிரிண்டரில் இந்தக் கணக்கு தலைகீழ். எப்சன் நிறுவனம் 2010 இல் இந்தோனேசியாவில் இவ்வகையை முதலில் விற்கத் தொடங்கியது. பின்னர் கனொன், எச்பி, பிறதர் ஆகியனவும் கொண்டுவந்தன. பிரிண்டரின் விலை கூட, மையின் விலை குறைவு. போத்தல் ஒன்றில் 70 மில்லிலீற்றர் அளவில் மை வரும். எங்கள் வீட்டுக் கூரையில் உள்ள தண்ணீர்த் தாங்கி போலத்தான். தாங்கியிலிருந்து மெல்லிய குழாய்கள் வழியாக மை அச்சுத்தலைக்குப் போகிறது. குறைந்தால் ஊற்றவேண்டும்.

கடையில் முதலில் காட்டியவை படத்துக்கென்றே செய்யப்பட்ட ஆறு நிற வகை. எப்சன் எல்805, கனொன் ஜி570 போன்றவை. எப்சனில் வழமையான நான்கு நிறங்களோடு இளநீலம், இளஞ்சிவப்பு என்று இரண்டு கூட இருக்கும். கனொனில் சாம்பலும் சிவப்பும் கூட இருக்கும். முகத்தின் தோல் நிறம் அவற்றில் மிக மென்மையாக வரும், உண்மைதான். ஆனால் இவை இரண்டிலும் ஸ்கானர் இல்லை. எனக்கு வேண்டியது கலியாணப் படம் அச்சிடுவதல்ல, பழைய படத்தை முதலில் ஒழுங்காகப் பிரதி எடுப்பது. ஆகவே ஸ்கானரும் உள்ள நான்கு நிறப் பிரிண்டர் ஒன்றை வாங்கினேன். இன்று கேட்டாலும் எங்கள் வேலைக்கு அதைத்தான் சொல்வேன்.

அந்தத் தெரிவில் ஒரு குறை உண்டு. நான்கு நிறத்தில் கறுப்பு வெள்ளைப் படம் சுத்தமாக வருவதில்லை. ஒருமுறை பச்சை ஓடும், இன்னொரு முறை சிவப்பு ஓடும். பளபளப்பான படக் கடதாசியில் பெரும்பாலும் சாம்பல் நிறத்தை மூன்று நிற மைகளைக் கலந்துதான் உருவாக்குகிறது, கலவை சற்றுப் பிசகினாலும் தெரிந்துவிடும். பல தடவை முயன்று, மங்கல் கடதாசியில், சற்றே மண்ணிறம் கலந்து அச்சிடுவது என்று ஒரு சமரசத்துக்கு வந்தேன்.

பிரதி எடுப்பது பற்றி ஒரு கணக்கு. அடையாள அட்டை அளவுப் படம் 35 மில்லிமீற்றர் அகலம், 45 மில்லிமீற்றர் உயரம். அதை ஸ்கானரில் 600 புள்ளி அடர்த்தியில் எடுத்தால் இரண்டு மடங்கு பெரிதாக்கலாம், முகம் குலையாது. 1200 இல் எடுத்தால் நான்கு மடங்கு வரை முயலலாம். அதற்கு மேல் போனால் முகத்துக்குப் பதிலாகக் கடதாசியின் சொரசொரப்புத்தான் பெரிதாகும். கறுப்பு வெள்ளைப் படமானாலும் நிறத்திலேயே ஸ்கான் செய்யுங்கள், கறையையும் மஞ்சளையும் பிறகு பிரித்து எடுக்க அது உதவும். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கான் செய்யலாம். ஸ்கானர் இல்லாதவர்கள் பகல் வெளிச்சத்தில், நிழலில் வைத்து, பிளாஷ் போடாமல், போனை நேராகப் பிடித்து எடுக்கலாம்.

அம்மாவின் படம் எங்கள் வீட்டு மேசையில், அவர் பக்கத்தில் இருந்து பார்க்க, ஸ்கானராகி வந்தது. பத்து நிமிடத்தில் மூலப்படம் திரும்பவும் ரின்னுக்குள் போய்விட்டது. தபாலட்டை அளவில் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தேன். அவர் முகத்தில் வந்த மாற்றத்தை நான் எழுத முயலவில்லை.

அடுத்ததுதான் என்னுடைய பிழை.

கிளிநொச்சியில் 2017 மாசி 20 ஆம் திகதி கந்தசுவாமி கோவிலடியில் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் அம்மாவும் ஆரம்ப நாட்களிலிருந்தே போய் இருந்தவர். முன்பெல்லாம் மகனின் பெயர் எழுதிய மட்டையோடுதான் போவார், படத்தை வெளியே எடுக்கமாட்டார். இப்போது படம் இருக்கிறதே என்று ஒரு மார்கழி நாளில் அதைப் பிடித்துக்கொண்டு வீதியோரம் நின்றிருக்கிறார். மழை பிடித்துக்கொண்டது. நான் போனபோது அந்தப் படத்தில் நெற்றியிலிருந்து கன்னம் வரை மை வழிந்திருந்தது.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "ரின்னுக்குள்ளை இருக்குத்தானே, அழாதேங்கோ" என்று எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்.

வீட்டுப் பிரிண்டர்களில் படத்துக்குப் போகும் மை பெரும்பாலும் தண்ணீரில் கரைந்த சாயம். நிறம் அழகாக வரும், தண்ணீர் பட்டால் ஓடும், வெயிலில் வெளிறும். துகள்மை என்று இன்னொரு வகை உண்டு, அது காய்ந்தபின் லேசில் கரையாது. சில நான்கு நிறப் பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் துகள்மை. அது எழுத்துகளுக்கு நல்லது, கடிதம் நனைந்தாலும் வாசிக்கலாம். ஆனால் பளபளப்புக் கடதாசியில் படம் அச்சிடும்போது அந்தக் கறுப்பு பாவிக்கப்படுவதில்லை. இதெல்லாம் பெட்டியில் வந்த சிறு புத்தகத்திலேயே இருந்தது. நான் வாசிக்கவில்லை.

இப்போது வெளியே கொண்டுபோகும் படம் ஒவ்வொன்றையும் ஒருநாள் முழுக்கக் காயவிட்டு, பிறகு லமினேற் செய்துதான் கொடுக்கிறேன். ஈரத்தோடு லமினேற் செய்தால் உள்ளே புகை படிந்தது போலாகும். ஓரத்தில் மூன்று, நான்கு மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் விடவேண்டும், படத்தோடு ஒட்ட வெட்டினால் அந்த வழியாகத் தண்ணீர் ஏறும். மூலப்படத்தை மட்டும் ஒருபோதும் லமினேற் செய்யாதீர்கள், பிறகு அதை வெளியே எடுக்க முடியாது.

கடதாசிக்கு ஒரு பக்கம்தான் பூச்சு உண்டு. மறுபக்கத்தில் அச்சிட்டால் மை குளமாய் நிற்கும். விரலை நனைத்து மூலையில் தொட்டால் ஒட்டும் பக்கம்தான் பூச்சுப் பக்கம். அச்சிடமுன் கணனியில் கடதாசி வகையைச் சரியாகத் தெரிவு செய்யவேண்டும். சாதாரணக் கடதாசி என்று விட்டுவிட்டால் படம் வெளிறி வரும். பிறகு பிரிண்டர் கூடாது என்று பேசுவோம்.

பாவிக்காமல் வைப்பதுதான் இந்தப் பிரிண்டர்களுக்கு நஞ்சு. வாரத்துக்கு ஒருமுறையாவது எல்லா நிறமும் உள்ள ஒரு சிறு படத்தை அச்சிட வேண்டும். 2022 இல் இதை நான் பட்டறிந்தேன். பங்குனி கடைசியில் மின்வெட்டு ஒருநாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது நினைவிருக்கும். அச்சிட்டுக்கொண்டிருக்கையில் மின்சாரம் நிற்கும். அச்சுத்தலை தன் மூடிக்குத் திரும்பாமல் நடுவழியில் நின்று காயும். கடதாசி விலையும் ஏறியிருந்ததால் கிழமைக்கணக்கில் அதைத் தொடாமலும் விட்டேன். நீலம் அடைத்துவிட்டது. திரும்பத் திரும்பச் சுத்திகரிப்புக் கட்டளை கொடுத்தேன். ஒவ்வொரு சுத்திகரிப்பும் நல்ல மையைக் குடித்து, உள்ளேயுள்ள ஒரு பஞ்சில் கொட்டுகிறது. அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டது என்று பிரிண்டர் கணக்கிட்டால் வேலையை நிறுத்திவிடும். வாங்கும்போதே, இந்தப் பஞ்சை நாங்களே மாற்றலாமா, திருத்துபவரிடம் கொண்டுபோக வேண்டுமா என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. ஓட்டோவில் கொண்டுபோனபோது சரிந்து மை ஊற்றியது வேறு கதை. சில பிரிண்டர்களில் கொண்டுபோகுமுன் பூட்டும் ஒரு சிறு பிடி உண்டு. அது இல்லாவிட்டாலும் நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். அணைக்கும்போது அதன் சொந்த ஆளியால் அணையுங்கள், சுவர் ஆளியால் அல்ல.

சென்ற வருடம் இன்னொரு அக்கா என்னிடம் வந்தார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். நுண்கடன் எடுத்து இப்படி ஒரு பிரிண்டர் வாங்கி, வீட்டிலிருந்தே படம் அச்சிட்டு உழைக்கலாமா என்று கேட்டார். ஏற்கெனவே இரண்டு இடத்தில் கிழமைக் கட்டுப்பணம் கட்டுகிறவர். நான் உற்சாகப்படுத்தவில்லை. தேசிய அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் பதிவு செய்யப்பட்ட ஸ்ரூடியோவில்தான் படம் எடுக்கவேண்டும். ஆகவே கிராமத்தில் அதிகம் தேவைப்படும் அந்த வேலை எங்களுக்கு வராது. வேலை விண்ணப்பத்துக்கும் பாடசாலைக்கும் ஒரு தபாலட்டைக் கடதாசியில் எட்டுப் படம் அச்சிடலாம். ஆனால் கிழமைக்கு எத்தனை பேர் வருவார்கள்? இருவருமாகக் கொப்பியில் எழுதிப் பார்த்தோம். படத்தால் மட்டும் கட்டுப்பணம் வராது. போட்டோப்பிரதி, பிள்ளைகளின் செயற்றிட்டம், ரியூசன் வினாத்தாள் என்றால் கொஞ்சம் தேறும். கடைசியில் அவர் கடன் எடுக்கவில்லை. மாதர் சங்கத்துச் சீட்டு அவருக்கு விழும்வரை எட்டு மாதம் பொறுத்திருந்து, என்னைப் போலவே ஸ்கானர் உள்ள ஒன்றை வாங்கினார். மை ஊற்றும்போது தாங்கியைக் கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கவிடக் கூடாது, குழாயில் காற்றுப் புகும் என்பதை அவர்தான் இப்போது எனக்கு நினைவூட்டுகிறார்.

பால்மா ரின் அம்மாவுக்கு இதுவரை பன்னிரண்டு பிரதி கொடுத்திருக்கிறேன். ஒன்று கோவையில். ஒன்று வெளிநாட்டில் இருக்கும் மகளிடம், அவருக்கு ஸ்கான் செய்த கோப்பையும் அனுப்பி வைத்திருக்கிறேன். லமினேற் செய்தவை சில தேய்ந்து மாறியிருக்கின்றன. போன மாதம் அவர் வீட்டுக்குப் போனபோது ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"பிள்ளை, இந்த மெசினிலை நிறமும் வரும்தானே. அவன்ரை சேட்டுக்கு நிறம் போடேலாதே? அண்டைக்கு அவன் போட்டிருந்தது இளநீலச் சேட்டு."

நான் தயங்கினேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் இல்லாத நிறம் மெசினுக்கு எப்படித் தெரியும் அம்மா என்றேன்.

"மெசினுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்தானே. நான்தானே தோய்ச்சுக் குடுத்தனான்."

அடுத்த சனிக்கிழமை வருகிறார். முகத்தைத் தொடாமல், சேட்டுக்கு மட்டும், அவர் போதும் என்று சொல்லும்வரை நீலம் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.