ஆடாமல் நிற்கும் பெட்டி

ஜூன் 14, சனி

திருவொற்றியூர் மொட்டைமாடியில் தெருப் பிள்ளைகளோடு லெகோ ஈ.வி.3 என்ற ரோபோ கட்டும் பெட்டியைத் திறந்தோம். தெரிந்தவர் வீட்டுப் பரணில் கிடந்தது. இந்தப் பெட்டி இடம்பெற்ற, 1998இல் தொடங்கிய மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையை 2022 கடைசியோடு லெகோ நிறுத்திவிட்டது. ஆனாலும் மைக்ரோ எஸ்டி கார்டில் மைக்ரோபைத்தான் என்ற நிரல்மொழியை இலவசமாக ஏற்றி இதை இன்றும் ஓட்டலாம்.

நாய்க்குட்டி, வண்ணம் பிரிக்கும் இயந்திரம் என்று கட்டுவதற்குப் பல மாதிரிகள் உண்டு. எதுவும் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. டிரெய்லர் ஓட்டுநரின் மகள், எட்டாவது படிப்பவள், "கிரேன் கட்டலாம் மாமா" என்றாள். வேறென்ன கேட்பாள்? தெற்கே சென்னைத் துறைமுகத்தில் 1983லேயே கன்டெய்னர் முனையம் வந்தாயிற்று. வடக்கே எண்ணூரில் காமராஜர் துறைமுகம், அதைத் தாண்டிக் காட்டுப்பள்ளி. வருகிற பெட்டி 20 அடியா 40 அடியா என்று இந்தப் பிள்ளைகள் தூரத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

கிரேன் நின்றுவிட்டது. மேலே டிராலி, அதை ஓட்ட ஒரு பெரிய மோட்டார். நூலை ஏற்றி இறக்க ஒரு சின்ன மோட்டார். டிராலி எங்கே நிற்க வேண்டும் என்பதில் சிக்கலே இல்லை. மோட்டார் தன் சுழற்சியை ஒவ்வொரு டிகிரியாக எண்ணிக்கொள்கிறது. சக்கரத்தின் விட்டம் 56 மி.மீ., ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 17.6 செ.மீ. நகரும்.

டிராலி சொன்ன இடத்தில் நிற்கிறது, தொங்கும் பெட்டி நிற்பதில்லை. போய்ப் போய் வந்து ஆடுகிறது. எடை கூட்டினால் ஆட்டம் மாறும் என்று பையன்கள் அடித்துச் சொன்னார்கள். பெட்டிக்குள் நட்டு போல்ட்டைப் போட்டு செல்போனில் நேரம் பார்த்தார்கள். 25 செ.மீ. நூலில் போய்வர ஒரு விநாடி, எடை ஏறினாலும் அதே ஒரு விநாடி. நூலைக் குறைத்தபோதுதான் நேரம் குறைந்தது. பள்ளியில் தனி ஊசல் என்று மனப்பாடம் செய்தது இதைத்தான்.

ஜூன் 21, சனி

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற அண்ணன் மாடிக்கு வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டக்குனு நிறுத்தினா பொட்டி ஆடத்தான் செய்யும் பாப்பா. அது முன்னால போறப்ப நீயும் கூடவே போய் அது தலைக்கு மேல நின்னுக்கணும்." நிஜக் கிரேனில் 25 மீட்டர் கயிறு தொங்கினால் ஒரு ஆட்டத்துக்குப் பத்து விநாடி. கயிறு நூறு மடங்கு, நேரம் பத்தே மடங்கு. அந்தப் பத்து விநாடியை உயரத்தில் உட்கார்ந்து கையாலேயே அளக்கிறார் மனிதர். அதைத் திறமை என்று யாரும் சான்றிதழில் எழுதித் தருவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஜூன் 22, ஞாயிறு

அவர் கை செய்வதை நிரலாக்கினோம். திடீர் பிரேக் வேண்டாம். ஒரு முழு ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தில், அதாவது ஒரே விநாடியில், வேகத்தைச் சீராகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பெட்டி முன்னால் சாய்ந்தது, திரும்பியது, டிராலி நின்ற அதே நொடியில் நேராகத் தொங்கியது. அந்தப் பெண் நம்பாமல் அரை விநாடியாக மாற்றிப் பார்த்தாள். ஆட்டம். மறுபடி ஒரு விநாடி. அசையவில்லை!

மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற பெயரே சீமோர் பேப்பர்ட் 1980இல் எழுதிய நூலின் பெயர்தான். சிறுவயதில் காரின் பல்சக்கரங்களோடு பழகியதால் கணக்கு தனக்கு நெருக்கமானது என்று அதில் சொல்கிறார். அப்படிப் பார்த்தால், டிரெய்லரும் விசைப்படகு இன்ஜினும் பார்த்து வளரும் இராயபுரம், எண்ணூர் பிள்ளைகளிடம் பாதிப் பாடம் ஏற்கெனவே இருக்கிறது. பெட்டிதான் இல்லை.

உங்கள் வீட்டில் பழைய ஈ.வி.3 சும்மா கிடந்தால் பக்கத்து மாநகராட்சிப் பள்ளி அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்கள். ஒயர்களையும் மறக்காமல் சேர்த்துக் கொடுங்கள். பார்க்க டெலிபோன் ஒயர் மாதிரி இருந்தாலும் அதன் பூட்டு ஓரமாக இருக்கும், சாதாரண ஒயர் ஈ.வி.3இல் நுழையாது.