ஜோவின் தொப்பி

தம்பி, பாடத்துக்கு வைத்த நாவலின் ஓரமெல்லாம் உவமை, குறியீடு, முரண் என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறாய். மதிப்பெண்ணுக்கு அது வேண்டியதுதான். ஆனால் சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' 27ஆம் அத்தியாயத்தைப் பென்சில் இல்லாமல் ஒருமுறை படி.

கொல்லர் ஜோ, தான் வளர்த்த பிப்பைப் பார்க்க லண்டன் வருகிறார். பிப் இப்போது கனவானாகிக் கொண்டிருக்கிறான். காசு கொடுத்து அவர் வருகையைத் தடுக்க முடியுமானால் கொடுத்திருப்பேன் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். வந்தவருக்குத் தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முட்டையுள்ள கூட்டை ஏந்துவதுபோல இரு கையாலும் பிடித்திருக்கிறார். கடைசியில் கணப்புக்கு மேலிருக்கும் தட்டின் மூலையில் வைக்கிறார். விழுகிறது. பாய்ந்து பிடித்து மறுபடி வைக்கிறார், மறுபடி விழுகிறது. நமக்குச் சிரிப்பு வருகிறது. அந்த வீட்டில் ஜோவுக்கு இடமில்லை என்று டிக்கன்ஸ் தனியாக எழுதவே வேண்டியிருக்கவில்லை. உன்னைப் பார்க்க விடுதிக்கு வருகிறார்களே ஊர்க்காரர்கள், அவர்கள் கையில் இருப்பதை எங்கே வைக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறாயா?

கிளம்பும்போது ஜோ தடுமாறவில்லை. பிரிவைப் பற்றிப் பேச உருவகத்தைத் தன் உலைக்களத்திலிருந்தே எடுக்கிறார். தொழில் பேச்சுக்குள் வந்ததும் மனிதர் நிமிர்ந்துவிடுகிறார். உருவகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் இடம் இது.

1860 டிசம்பரில் வார இதழில் தொடங்கிய இந்தத் தொடர்கதையை முழுக்கச் சொல்வது வயதேறிய பிப். இளவயதுப் பிப்புக்காக அவன் வக்காலத்து வாங்குவதில்லை. 57ஆம் அத்தியாயத்தில் காய்ச்சலில் கிடப்பவனுக்கு ஜோ பணிவிடை செய்கிறார். அப்போது பழைய உரிமைப் பேச்சுதான். உடம்பு தேறத் தேற, லண்டனில் ஜோ பிப்பை அழைத்த அந்த 'சார்' திரும்பவும் எட்டிப் பார்க்கிறது. பிறகு ஒருநாள் காலை ஆளைக் காணோம். ஒரு சிறு கடிதமும், பிப்பின் 123 பவுண்டு சொச்சம் கடனை அடைத்த ரசீதும் மட்டும் இருக்கின்றன. ஜோ விலகியதற்குத் தன் நடத்தைதான் காரணம் என்று பிப்புக்குத் தெரியும். பழி போட வேறு ஆள் தேடாமல் அதையும் எழுதிவைக்கிறான்.

பிப்பும் அவன் காதலித்த எஸ்டெல்லாவும் சேர்ந்தார்களா என்று தேர்வில் கேட்பார்கள். எழுத்தாளர் புல்வர் லிட்டன் சொன்னதன்பேரில் டிக்கன்ஸ் முடிவையே மாற்றினார் என்றும் எழுது. எனக்கு என்னவோ, ஜோ போன பிறகு அந்தக் கேள்வியில் பெரிய அக்கறை இருப்பதில்லை.