யார் பெயரில் வீடு?

ஜனவரி 8, 2025 – புதன்

அஸர் தொழுதுவிட்டு எழும்பவும் தங்கச்சி வந்து நின்றாள். கையில் நாலு பக்கப் படிவம். அரச உதவியோடு வரப்போகும் தொடர்மாடியில் வீடு கேட்டு விண்ணப்பிக்கலாமாம். முற்பணம் கொஞ்சம், மிச்சம் மாதத் தவணை.

"ராத்தா, இத ஒருக்கா நிரப்பித் தாங்க. மகளுக்கும் இருபது வயசாகுது" என்றாள்.

மகளின் வயதும் வீடும் எங்கள் பக்கத்தில் ஒன்றாகவே பேசப்படும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று இந்தக் கரை நெடுகிலும் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் முதலில் வீடு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். குடி என்னும் வம்சமும் தாய்வழிதான். மூத்தவளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு, பெற்றவர்கள் அதே வளவில் ஒரு மூலைக்கு ஒதுங்குவார்கள். அடுத்தவளுக்கு அடுத்த வீடு. அக்கரைப்பற்றில் நீண்ட காலம் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வந்த தன் நூலில் இந்த வழக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார்.

இதன் சுமை எனக்குத் தெரியும். எத்தனையோ வாப்பாமாரின் உழைப்பும் காக்காமாரின் கட்டார், சவூதிச் சம்பளமும் சுவராகவும் கூரையாகவும் போய்விட்டன. சீதனம் என்று கேட்டு வாங்குவது அநியாயம். ஆனால் இந்த வழக்கத்தில் ஒரு காவலும் இருக்கிறது. குடும்பத்தில் என்ன மனத்தாங்கல் வந்தாலும் வீட்டை விட்டு வெளியேறுபவள் பெண்ணாக இருக்கமாட்டாள்.

வீடு கட்டக் காணி எங்கே? கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவில் ஒடுங்கிய மணல் துண்டு. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஒரு வீடு நின்ற வளவில் இப்போது மூன்று நிற்கின்றன. ஒலுவிலில் துறைமுகம் வந்த பிறகு அந்தப் பக்கக் கரையைக் கடல் அரித்துத் தென்னந்தோட்டங்களையும் கொண்டுபோனது. மேலே போவதைத் தவிர எங்களுக்கு வழியில்லை. தொடர்மாடியை நான் மனதார வரவேற்கிறேன்.

ஜனவரி 13 – திங்கள், போயா

விடுமுறை. தங்கச்சியின் வாடகை வீட்டில் இருந்து படிவத்தை நிரப்பினோம். நவம்பர் வெள்ளத்தில் ஊறிய சுவர் இன்னும் காயவில்லை, சுண்ணாம்பு தகடு தகடாக உரிகிறது. மேசைமேல் அடையாள அட்டைப் பிரதிகள், பிறப்பு அத்தாட்சி, வாக்காளர் இடாப்புப் பிரதி, மின்பட்டியல், சமாதான நீதவான் ஒப்பமிட்ட சத்தியக்கடதாசி.

முதல் கேள்வியிலேயே பேனா நின்றது. 'குடும்பத் தலைவரின் பெயர்.' அடுத்தது, 'மனைவியின் பெயர்.' தலைவர் ஆண் என்று படிவம் முடிவு செய்து வைத்திருக்கிறது. மச்சான் கட்டாரில் சாரதி. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வாடகை, கடன், வைத்தியம் எல்லாவற்றையும் இங்கே தனியே பார்ப்பவள் தங்கச்சி.

சின்ன விஷயம் என்று இதை விடமுடியாததற்குக் காரணம் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. தங்கச்சியின் கல்யாணத்துக்கு வாப்பா கடற்கரைப் பக்க வளவில் ஒரு வீடு கட்டினார். வளவு ஒன்று, குசினி இரண்டு. உறுதி மட்டும் வாப்பாவின் பெயரில் இருந்தது. மாற்றி எழுத நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, கடல் இரண்டு வீட்டையும் எடுத்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மௌத்தானார்கள். இலங்கையில் மிக அதிகமாக இழந்த மாவட்டம் எங்களுடையது. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். பிறகு அதைத் தளர்த்தினார்கள், கல்முனைப் பக்கத்தில் 65 மீற்றர் என்று நின்றது. மருதமுனையில் ஒரு வீட்டுத் திட்டத்துக்கு 65 மீற்றர் என்பதே பெயராகிவிட்டது. எங்கள் வளவு அந்தக் கோட்டுக்குள். மாற்று வீட்டுப் பட்டியலில் வாப்பாவின் பெயர் வந்தது, ஒரு உறுதிக்கு ஒரு வீடு. அது சின்னத் தங்கச்சியின் கல்யாணத்தோடு அவளுக்குப் போனது. இரண்டாவது குசினியில் சமைத்தவளின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அன்றிலிருந்து வாடகை வீடுதான்.

இப்படியான கதைகள் இந்தக் கரையில் நிறைய. பெண்ணுக்கென்று எழுதிய சீதன வீடு கடலோடு போனது. பதிலுக்கு வந்த வீடு பல இடங்களில் குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயரில் பதியப்பட்டது. கிழக்கின் பெண்கள் அமைப்புகள் அப்போதே குரல் கொடுத்தன. உதவி செய்ய வந்தவர்களின் நல்ல மனதை நான் சந்தேகிக்கவில்லை. வீடு யாருடையது என்று இங்கே உள்ளவர்களிடம் கேட்டிருந்தால் போதும்.

இரவு மச்சான் தொலைபேசியில் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் யோசிக்கவேயில்லை. "ஊடு எண்டா பொம்புளைக்குத்தானே. அவட பேருலேயே போடுங்க மச்சி."

ஜனவரி 20 – திங்கள்

அலுவலகத்தில் வரிசை வாசல்வரை. எங்கள் முறை வந்தபோது நேரம் பகல் சாப்பாட்டை நெருங்கியிருந்தது. படிவம் வாங்கிய பிள்ளை நல்ல பிள்ளை, என்னிடம் படித்தவர்களின் வயது இருக்கும். தலைவர் என்ற இடத்தில் தங்கச்சியின் பெயரைக் கண்டதும் தயங்கினாள்.

"டீச்சர், ஹஸ்பன்ட் ஹயாத்தோட இருக்கார்தானே? அவர்ட பேரத்தான் போடணும். வெளிநாட்டில எண்டா அற்றோணித் தத்துவம் எடுத்துத் தாங்க."

எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டேன். "சட்டம் தெரியா டீச்சர். போர்ம்ல அப்படித்தான் இருக்கு" என்றாள். பிழை அவளில் இல்லை. ஆணை முன்னே வைக்கும் இந்த வழக்கத்தின் வேர் நீளமானது. அரச காணிக்குப் பெர்மிட் கொடுக்கும் முறையை வகுத்த 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், வாரிசு வரிசையில் மகளுக்கு முன் மகனை வைத்தது. அதைத் திருத்துவதற்கு 2022 வரை போனது. சட்டம் திருந்திவிட்டது, படிவம் இன்னும் திருந்தவில்லை.

மேலதிகாரியிடம் போய், கணவரின் சம்மதக் கடிதத்தோடு மனைவி விண்ணப்பிக்க ஏதும் தடை உண்டா என்று கேட்டோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கடிதத்தை இணைச்சுத் தாங்க, பார்ப்பம்" என்றார். பற்றுச்சீட்டில் தங்கச்சியின் பெயரே எழுதப்பட்டது. அதை மடித்துப் பையில் வைக்காமல் ஆட்டோவில் வரும்வரை கையிலேயே வைத்திருந்தாள்.

பெப்ரவரி 4 – செவ்வாய்

சுதந்திர தின விடுமுறை. அக்கரைப்பற்றில் ஒரு கத்தத்துக்குப் போன நாங்கள் திரும்பும் வழியில் நுரைச்சோலைக்குப் போனோம். தங்கச்சியின் மகள் அதைப் பார்த்ததில்லை.

சுனாமியில் பாதிக்கப்பட்டவர்களுக்காக சவூதி அரேபியாவின் நிதியில் எழுந்த 500 வீடுகள். பேரியல் அஷ்ரப் வீடமைப்பு அமைச்சராக இருந்த காலத்துத் திட்டம். வீடுகள் மட்டுமல்ல, பாடசாலை, வைத்தியசாலை, சந்தை, பள்ளிவாசல் என்று ஒரு ஊருக்கு வேண்டியதெல்லாம் கட்டினார்கள். குடியேற ஆளில்லாமல் அவை காட்டுக்குள் நின்றன. முஸ்லிம்களுக்கு மட்டும் அரச காணியில் வீடுகளா என்று எதிர்ப்பு எழுந்தது, வழக்கு உயர் நீதிமன்றம் போனது. ஒரு சமூகத்துக்கு மட்டும் ஒதுக்க முடியாது, எல்லாச் சமூகத்தவருக்கும் பங்கிட வேண்டும் என்று 2009இல் முடிவானது. அதன் பிறகு அரசாங்கங்கள் மாறின, தூதுவர்கள் வந்து பேசினார்கள், வாக்குறுதிகள் வந்தன.

ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தோம். ஜன்னல் நிலை பெயர்க்கப்பட்டிருந்தது. குசினிச் சுவரில் குழாய் வரவேண்டிய துளை அப்படியே இருந்தது. தரை வெடிப்பில் முளைத்த செடி இடுப்பளவு. "பெரியம்மா, இதில ஒரு நாளும் ஒருத்தரும் சோறாக்கலியா?" என்று தங்கச்சியின் மகள் கேட்டாள். இல்லை என்றேன்.

எனக்கு இதில் ஒரு சமூகத்தின் பக்கம் நின்று பேச விருப்பமில்லை. காரைதீவிலும் பாண்டிருப்பிலும் தமிழ் உறவுகள் எங்களைப் போலவே எல்லாவற்றையும் இழந்தார்கள். பங்கீடு என்ன என்பது அத்திவாரம் போடுமுன்னே எழுதப்பட்டிருக்க வேண்டும். வீடு இழந்த ஒவ்வொருவரின் பெயரும் வரிசையாக முன்னே வந்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் 1960இல் தொடங்கிய வீடமைப்புச் சபை, 1989 முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் எந்த இனத்தவர் எவ்வளவு இருக்கலாம் என்று அளவு வைத்திருக்கிறது. அதைக் குறை சொல்பவர்களும் உண்டு. ஆனாலும் விண்ணப்பிக்கும்போதே விதி எல்லோருக்கும் தெரியும். கட்டி முடித்த வீட்டின் முன் நின்று யாருக்கு என்று கேட்கும் நிலை அங்கே வராது. எங்கள் நாட்டில் அந்தக் கேள்வி 500 வீடுகளைத் தின்றுவிட்டது.

பெப்ரவரி 9 – ஞாயிறு

மாடி வீட்டில் வாழ்வது எப்படி என்று பார்க்க, சுனாமிக்குப் பின் கட்டப்பட்ட தொடர்மாடி ஒன்றில் இருக்கும் உறவுக்காரி வீட்டுக்குப் போனோம். உள்ளே மினுக்கி வைத்திருக்கிறாள். வாசல் கதவைத் தாண்டினால் மாடிப்படி இருட்டு. மின்குமிழ் எரிந்து போனால் யார் மாற்றுவது? தண்ணீர் மோட்டர் பழுதானால் காசு சேர்ப்பது யார்? கீழ் வீட்டுக்காரர் "எங்களுக்குத் தண்ணி வருகுதே" என்பாராம். சென்ற வருடம் மேல்மாடியில் மூத்தம்மா ஒருவர் மௌத்தானபோது, படி திரும்பும் இடத்தில் சந்தூக்கு திரும்பவில்லை. சைக்கிள்களையும் பழைய அலுமாரியையும் அகற்றி, சாய்த்துப் பிடித்துத்தான் இறக்கினார்களாம். சொல்லும்போது அவள் அழுதாள்.

வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. படிக்கும் தாங்கிக்கும் கூரைக்கும் பெயரில்லை. தொடர்மாடி உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இதற்கு வழி சொல்கிறது: வீட்டுக்காரர் எல்லோரும் சேர்ந்த முகாமை அமைப்பு ஒன்று பொது இடங்களைப் பராமரிக்க வேண்டும். மேற்பார்க்கக் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையும் இருக்கிறது. ஆனால் உறுதி கைக்கு வராதவர் தன்னை உரிமையாளராக நினைப்பது எப்படி? நியூயோர்க்கில் 1955இல் வந்த மிச்சல்-லாமா சட்டத்தின் கீழ் கூட்டுறவு முறையில் தொடர்மாடிகள் எழுந்தன. கோ-ஒப் சிற்றி என்ற ஒன்றில் மட்டும் 15,000க்கு மேற்பட்ட வீடுகள். குடியேறுபவர் பங்கு வாங்குகிறார், நிர்வாக சபைக்கு வாக்களிக்கிறார். போகும்போது சந்தை விலைக்கு விற்று இலாபம் எடுக்க முடியாது. அடுத்து வரும் நடுத்தர வருமானக்காரருக்கும் அது கட்டுப்படியான வீடாகவே இருக்கிறது. பள்ளிவாசல் நிர்வாகத்தைக் குடிவாரியாக மரைக்காமாரை வைத்து நடத்திப் பழகிய எங்களுக்கு இப்படி ஒரு சபை நடத்துவது பெரிய காரியமா? அதில் பெண்களும் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் புதிது.

பெப்ரவரி 20 – வியாழன்

வெளிக்கள உத்தியோகத்தர் வந்து போனார். ஈரச் சுவரைப் படம் எடுத்தார், வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்தார், எத்தனை பேர் என்று எண்ணினார். புள்ளி போடுவார்களாம். எதற்கு எத்தனை புள்ளி என்று கேட்டேன். "அது உள்ள விஷயம்" என்றார். அவர் போன பிறகு அக்கம்பக்கத்தில் பேச்சுத் தொடங்கிவிட்டது: யாரைப் பிடிக்கலாம், எந்த அரசியல்வாதியின் ஆள் யார். புள்ளி மறைந்திருக்கும் இடத்தில் ஆள் பிடிக்கும் பேச்சு வராமல் இராது. நேர்மையான உத்தியோகத்தருக்கும் இதனால் கெட்ட பெயர்தான்.

பெப்ரவரி 27 – வியாழன்

ஞாயிறு நோன்பு தொடங்கிவிடும் போலிருக்கிறது. அதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும் என்று, விண்ணப்பித்த பெண்களை எங்கள் வீட்டுக்கு அழைத்தோம். மருதமுனையில் தறி நெய்யும் ஒருத்தி, கணவனை இழந்த இருவர், காரைதீவிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்ணும் வந்தார். எல்லோரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். மூன்று வேண்டுகோள்.

ஒன்று, படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்பதை எடுத்துவிட்டு, உரிமை யார் பெயரில் வேண்டும் என்று கேளுங்கள்: மனைவி, கணவன், அல்லது இருவரும். இரண்டு, புள்ளி விதியையும் தெரிவுப் பட்டியலையும் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் பள்ளிவாசலிலும் கோயிலிலும் ஒட்டுங்கள்; ஆட்சேபணைக்கு நாள் கொடுங்கள். மூன்று, திறப்பைக் கையில் தருமுன் முகாமை அமைப்பைக் கூட்டுங்கள். பெண்களை அதில் உட்காரவிடுங்கள். உறுதி எப்போது வரும் என்று எழுத்தில் தாருங்கள்.

"இதெல்லாம் கேட்டா இருக்கிற வாய்ப்பும் போயிடாதா?" என்று ஒருத்தி பயந்தார். நியாயமான பயம். தங்கச்சி சொன்னாள்: "கேக்காம இருந்துதான் எங்களுக்குப் போன முறை ஊடு போனது." முதல் கையெழுத்து அவளுடையது. மற்றவர்களும் வைத்தார்கள்.

வீடு கிடைக்குமா என்பது இனிப் புள்ளிகளைப் பொறுத்தது. எங்களைவிடக் கஷ்டப்பட்ட ஒருவருக்குக் கிடைத்தால் மனம் நோகாது, அவருடைய பெயரைச் சுவரில் பார்த்துச் சந்தோஷப்படுவோம். ஆனால் கடிதத்தில் உள்ள மூன்றும் எவருக்கு வீடு கிடைத்தாலும் வேண்டியவை. அவற்றைக் கேட்க வீடு கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.